சட்டகம் எதைக் காக்க வேண்டும்?

முல்லைத்தீவின் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் ஓர் ஊரில் தொடங்கி அதே ஊரில் முடிந்துவிடுவதில்லை. பாக்குத்தெண்டல் என்ற சடங்கோடு அது ஆரம்பமாகும். பிறகு சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தம் எடுப்பார்கள். அந்தக் கடல்நீர் முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலுக்குப் போகும். அங்கே உப்புநீரில் விளக்கு எரியும். ஒரு வாரம் கழித்துக் காட்டா விநாயகருக்குப் பொங்கல். மறுநாள், வைகாசித் திங்களில், நந்திக்கடலோரம் அம்மனுக்குப் பொங்கல். ஒவ்வோர் இடத்துக்கும் அதற்கென்று முறையும் பாட்டும் உரிமைக்காரரும் உண்டு. இந்த ஒழுங்கை வடிவமைப்பாளரின் கண்ணால் பார்த்தால் அதன் சிக்கனம் வியப்பூட்டும். முந்தைய இடத்தில் என்னென்ன செய்தார்கள் என்ற முழு விபரமும் அடுத்த இடத்துக்குத் தேவைப்படுவதில்லை. தீர்த்தம் வந்துவிட்டது என்ற ஒரு செய்தி போதும், விளக்கேற்றலாம். விளக்கு எரிந்தது என்ற ஒரு செய்தி போதும், பொங்கலாம். கணினி விளையாட்டுகளுக்குப் பலர் தனித்தனியாகக் கதை எழுதும்போது எழும் ஒரு பிரச்சினை முப்பது ஆண்டுகளாக முழுதாகத் தீரவில்லை. அதற்கான விடையின் வடிவம் இந்தச் சிக்கனத்தில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

பிரச்சினையை முதலில் பார்ப்போம். ஒரு விளையாட்டை, அதை வெளியிட்ட நிறுவனம் அல்லாத பிறர் மாற்றியும் கூட்டியும் எழுதுவது மொட். 1993 டிசம்பரில் வெளிவந்த டூம் இதற்கு வழி திறந்தது. அந்த விளையாட்டின் இயந்திரம் ஒரு கோப்பு, படங்களும் ஒலிகளும் வரைபடங்களும் வேறு கோப்பு என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஆகவே இயந்திரத்தைத் தொடாமலே ஒருவர் தன் வரைபடத்தை உள்ளே போட முடிந்தது. 2002இல் மொரோவிண்ட் வந்தபோது, அதை உருவாக்கியவர்கள் பயன்படுத்திய எழுதுகருவியே கணினிப் பதிப்போடு வாங்குபவர் கைக்கும் வந்தது. அப்போதிருந்து மொட் எழுதுவோர் வரைபடங்களோடு நிற்கவில்லை, குவெஸ்ட்களையும் எழுதலானார்கள். ஓர் ஊர்க்கிழவி ஒரு வேலை சொல்கிறாள், விளையாடுபவர் போய்த் தேடுகிறார், கண்டதைக் கொண்டு வருகிறார், உலகம் கொஞ்சம் மாறுகிறது: இதுதான் குவெஸ்ட். படமும் ஒலியும் ஒன்றையொன்று அறியாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிடும். கதை அப்படி இருக்காது. கதைக்கு முன்பு என்ன நடந்தது என்பது வேண்டும்.

முல்லைத்தீவை ஒரு விளையாட்டு உலகமாக யாரோ கட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வற்றாப்பளை மரபை வைத்து ஒரு குவெஸ்ட் எழுதுகிறார். இன்னொருவர் 1803இல் வன்னிச் சிற்றரசன் பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியதை எழுதுகிறார். மூன்றாமவர் முத்தையன்கட்டுக் குளத்தின் கலிங்கு உடையும் ஒரு கற்பனைக் கதையை எழுதுகிறார். மூவரும் சந்தித்ததே இல்லை. மூவருக்கும் முள்ளியவளைச் சந்தியில் நிற்கும் ஒரே கிழவர் தேவைப்படுகிறார். முதலாமவர் அவருக்குப் புதுக்குரல் கொடுக்கிறார், இரண்டாமவர் உடையை மாற்றுகிறார், மூன்றாமவர் அவரைக் குளக்கட்டுக்கு நடக்க வைக்கிறார். ஸ்கைரிம் போன்ற விளையாட்டில் இதன் விளைவு எளிது, கொடுமையானதும்கூட. அங்கே ஒரு பாத்திரம் என்பது ஒரு பதிவு. இரண்டு மொட்களின் கோப்புகள் (பிளகின்கள்) ஒரே பதிவைத் தொட்டால் கடைசியாக ஏற்றப்பட்டதே நிற்கும். அதுவும் பதிவு முழுதாக நிற்கும். குளத்துக் கதைக்காரர் நடையை மட்டும் மாற்றியிருப்பார். ஆனால் அவருடைய பதிவு கிழவரின் பழைய உடையையும் சேர்த்தே திருப்பிக் கொண்டுவந்துவிடும். யாரும் தவறு செய்யவில்லை, இருந்தும் இரண்டு கதைகள் ஊமையாகிவிட்டன. மோதல்களைக் கண்டுபிடிக்க எக்ஸ்எடிட், ஏற்றும் வரிசையை ஒழுங்குசெய்ய லூட், பட்டியல்களை இணைக்க ரை பாஷ் என்று ஆர்வலர்கள் நல்ல கருவிகளைச் செய்திருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பு பெரியது. ஆனால் இவையெல்லாம் மோதிய பிறகு செய்யும் வைத்தியம்.

கணக்கைப் பார்த்தால் இந்த வைத்தியம் ஏன் போதாது என்று தெரியும். 50 மொட்கள் இருந்தால், இரண்டிரண்டாக ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க 1,225 சோடிகள். வெறும் 10 மொட்களை ஏற்றும் வரிசைகள் மட்டும் 3,628,800. ஆம், இல்லை என்று இரண்டே விடை கொண்ட 20 செய்திகளை ஓர் உலகம் நினைவில் வைத்தால், அந்த உலகம் இருக்கக்கூடிய நிலைகள் பத்து இலட்சத்துக்கும் மேல். எந்த எழுத்தாளரும் இவற்றைச் சோதித்துப் பார்க்கப் போவதில்லை. ஆகவே ஒவ்வொருவரும் மற்ற 49 பேரோடு ஒப்பந்தம் செய்யாமல், நடுவில் உள்ள ஒரே சட்டகத்தோடு, அதாவது எல்லா மொட்களுக்கும் பொதுவான ஓர் அடித்தளச் செய்நிரலோடு, ஒப்பந்தம் செய்ய வேண்டும். 1,225 சோதனைகள் 50 ஆகக் குறையும். இதுவரை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அந்தச் சட்டகம் எதை வைத்திருக்க வேண்டும் என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. ஆசைப்பட்டுத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் அதற்குள் வைக்கப் பார்க்கிறார்கள்: உரையாடல் முறை, பரிசு முறை, கதைக்கட்டங்கள், வில்லன் வருகைவரை. நான் நேர்மாறாகச் சொல்வேன். சட்டகம் பெயர்களைக் காக்கட்டும், நடந்தவற்றைக் காக்கட்டும். எப்படி நடந்தது, யார் எந்த வார்த்தையில் சொன்னார் என்பதெல்லாம் எழுதியவருடையதாகவே இருக்கட்டும்.

பெயர்களிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இதற்குச் சான்று மிகத் தெளிவாக இருக்கிறது. மைன்கிராப்டின் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு கட்டைக்கும் பொருளுக்கும் ஓர் எண். இரண்டு மொட்கள் ஒரே எண்ணை எடுத்தால் மோதல். விளையாடுபவர் அமைப்புக் கோப்பைத் திறந்து கையாலேயே எண்களை மாற்றுவார். பிறகு எண்கள் போய், மொட்டின் பெயரும் பொருளின் பெயரும் சேர்ந்த முழுப்பெயர்கள் வந்தன, 2018இல் 1.13 பதிப்போடு எண்கள் அடியோடு நீங்கின. ஸ்டார்ட்யூ வேலியும் இதே பாதையில்தான் வந்தது. அங்கும் பொருட்களுக்கு எண்களே இருந்தன. புதுப் பொருட்களைச் சேர்க்க உதவிய ஒரு சட்டகம் விளையாட்டைத் திறக்கும்போது எண்களைப் பங்கிட்டுக் கொடுத்தது. மொட் ஒன்றைக் கூட்டினாலோ குறைத்தாலோ பங்கீடு குழம்பி, பெட்டியில் வைத்த பொருள் வேறொன்றாக மாறிக் கிடக்கும். 2024 மார்ச்சில் வந்த 1.6 பதிப்பு எண்களை விட்டு எழுத்துப் பெயர்களுக்கு மாறியதும் அந்தத் தொல்லையின் வேரே போயிற்று. இரண்டு விளையாட்டுகள், வேறு வேறு எழுத்தாளர்கள், ஒரே முடிவு: எண் என்பது நெருக்கடியான இடம், யாராவது பங்கிட வேண்டும், பெயருக்குப் பங்கீடு தேவையில்லை.

மைன்கிராப்டில் இன்னொரு பாடமும் உண்டு, குவெஸ்ட் எழுதுபவர்களுக்கு அதுவே முக்கியம். பல மொட்கள் தனித்தனியே செம்பைக் கொண்டுவந்தன. ஒருவருடைய செம்பு இன்னொருவருடைய உலைக்குச் செம்பாகத் தெரியவில்லை. போர்ஜ் சட்டகம் ஒரு பொது அகராதி வைத்தது: உங்கள் செம்பு உங்களுடையதே, ஆனால் அதைச் செம்பு என்ற பொதுப்பெயரின் கீழ் பதிந்துவிடுங்கள். அதன்பின் எந்த உலையும் எந்தச் செம்பையும் ஏற்றது. பின்னாளில் விளையாட்டே இந்த முறையைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. பொதுப்பெயருக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை என்பதே இதன் அழகு. குவெஸ்டில் இதற்கு இணை பாத்திரங்களின் பணி. ஸ்கைரிமின் குவெஸ்ட்கள் ஆளைக் குறிப்பதற்குப் பதிலாக ஓர் இடத்தைக் குறிக்கலாம். அந்த இடத்தை நிபந்தனைக்குப் பொருந்தும் எவரும் நிரப்பலாம். நம் மூவரும் முள்ளியவளைக் கிழவரைப் பிடித்து இழுக்கத் தேவையே இல்லை. ‘விளக்கேற்றத் தெரிந்த ஒருவர்’, ‘கோட்டையின் உட்புறம் தெரிந்த ஒருவர்’, ‘குளக்கட்டில் காவல் இருக்கும் ஒருவர்’ என்று கேட்டால், ஒரே கிழவர் மூன்றுமாக இருக்கலாம், மூன்று பேராகவும் இருக்கலாம். ஒருவர் இறந்துவிட்டால் கதை நின்றுபோகாமல் அடுத்தவர் அந்த இடத்துக்கு வரலாம்.

இனி நடந்தவை. பழைய குவெஸ்ட் அமைப்புகள் முன்னேற்றத்தைப் படி எண்களால் குறித்தன: 10, 20, 30. இடையில் ஏதும் செருக வேண்டி வந்தால் என்று பத்துப் பத்தாக இடைவெளி விடுவது வழக்கம். ஒரே எழுத்தாளர் இருக்கும்வரை இது போதும். இன்னொருவர் தன் கதையைத் தொடங்க, அந்தக் குவெஸ்ட் 50ஆம் படியைத் தாண்டிவிட்டதா என்று கேட்டாரோ, அந்த நொடியில் அவர் பிறருடைய உள்வீட்டு ஒழுங்கில் சாய்ந்து நிற்கிறார். முதலாமவர் அடுத்த பதிப்பில் கிளைகளை மாற்றி எழுதினால், இரண்டாமவரின் கதை காரணம் தெரியாமல் நிற்கும். ஆகவே பகிர வேண்டியது படி எண் அல்ல, நடந்த செய்தி: தீர்த்தம் எடுக்கப்பட்டது. கோட்டை வீழ்ந்தது. கலிங்கு உடைந்தது. ஒவ்வொரு செய்தியும் அதை அறிவித்த மொட்டின் முழுப்பெயரோடு பதிவாகும், ஒருமுறை பதிந்ததை வேறு மொட் அழிக்க முடியாது, எவரும் கேட்கலாம். உள்ளே நான்கு படிகளில் அது நடந்ததா, நாற்பது படிகளில் நடந்ததா என்பது எழுதியவரின் விவகாரம்.

இப்படி மெலிந்த ஒப்பந்தம் பெரிய கதைகளைத் தாங்குமா என்ற சந்தேகம் நியாயமானது. கண்ணகி கதையே அதற்குப் பதில். மென்பொருள் உலகில் இவ்வளவு நீண்ட சோதனை நடந்ததில்லை. சிலப்பதிகாரத்துக்குப் பிறகு இலங்கையில் மட்டும் அந்தக் கதைக்கு எத்தனை கிளைகள்! கிழக்கில் கண்ணகி வழக்குரை, சிங்களவரிடையே மாங்கனியிலிருந்து பிறக்கும் பத்தினித் தெய்வம், வன்னியில் கோவலன் கூத்தும் வற்றாப்பளை ஐதீகமும். எந்த மையமும் இவற்றை மேற்பார்வை செய்யவில்லை. சிலம்பு, கோவலன் கொலை, மதுரை எரிந்தது ஆகிய மிகச் சில செய்திகள் மட்டும் அசையாமல் நின்றன. வற்றாப்பளை ஐதீகம் தன்னை எங்கே பொருத்திக்கொள்கிறது என்று கவனியுங்கள். மதுரை எரிந்தபின் அம்மன் கடல் கடந்து வருகிறாள். ஒரு மூதாட்டியாக மாடு மேய்க்கும் சிறுவர்களிடம் வருகிறாள். எண்ணெய் இல்லை என்றதும் கடல்நீரை ஊற்றி விளக்கேற்றச் சொல்கிறாள். மதுரை எரிந்தது என்ற ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, முன்னால் உள்ள எதையும் மாற்றாமல், புதிதாக ஒரு செய்தியை உலகில் சேர்க்கிறது. மாங்கனிப் பிறப்பு மறுபக்கத்தில் சேர்கிறது: சிலம்புக்கு முன்னே. இரண்டும் ஒன்றையொன்று அறியாது, மோதவும் இல்லை. ஒரு மொட் எழுத்தாளர் இதைவிடச் சுத்தமாக இணைத்துவிட முடியாது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மரபுக்குக் காலம் இருந்தது. கூத்தைப் பழக்கி நடத்த அண்ணாவியார் இருந்தார். பொருந்தாததை அவர் வேண்டாம் என்பார், ஊரும் ஏற்காது. வீட்டிலிருந்து ஓர் இரவில் மொட் எழுதி வெளியிடுகிறவரை யார் தடுப்பது? உண்மைதான், அண்ணாவியாரின் சுவையுணர்வை எந்தச் செய்நிரலும் பெறாது. ஆனால் அவருடைய வேலையில் ஒரு பகுதி வெறும் ஒழுங்கு பார்த்தல்: யார் களரிக்கு வந்துவிட்டார், யார் இன்னும் வரக்கூடாது, இறந்தவர் மறுபடி பாடக்கூடாது. அந்தப் பகுதியைச் செய்நிரல் நன்றாகவே செய்யும். மொட் ஒவ்வொன்றும் எந்தச் செய்திகளை எதிர்பார்க்கிறது, எவற்றை அறிவிக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், விளையாட்டைத் தொடங்கும் முன்பே சட்டகம் கணக்கிடலாம்: இந்தக் கதை ஒருபோதும் தொடங்காது, ஏனெனில் அது காத்திருக்கும் செய்தியை அறிவிப்பார் யாரும் இல்லை, இவை இரண்டும் ஒன்றுக்கொன்று காத்து நிற்கின்றன. ஸ்டார்ட்யூ வேலியின் கண்டன்ட் பாச்சர் இதை வேறு தளத்தில் ஏற்கெனவே செய்கிறது. ஒரு கோப்பின் பகுதிகளைத் திருத்தப் பலருக்கும் இடம் உண்டு; கோப்பை முழுதாக மாற்ற இருவர் கேட்டு, முன்னுரிமையையும் வெளிப்படையாகக் குறிக்காவிட்டால், அதை மோதல் என்று கருவியே அறிவித்துவிடும். ஸ்கைரிமில் மௌனமாக நடப்பது இங்கே சத்தமாக நடக்கிறது. இந்த வேறுபாட்டுக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுக்கிறேன்.

செய்திகளே முரண்பட்டால்? பண்டார வன்னியன் இதற்கு உண்மையான உதாரணம். 1803 ஓகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவுக் கோட்டையை அவன் பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் பிரித்தானிய அதிகாரி வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றான் என்று அங்கு நாட்டிய கல் சொல்கிறது. அவன் எப்போது, எப்படி இறந்தான் என்பதில் கதைகள் ஒத்துப்போகவில்லை. ஒரு மொட் அவன் களத்திலேயே வீழ்ந்தான் என்றும், இன்னொன்று காட்டுக்குள் தப்பிப் பல ஆண்டுகள் வாழ்ந்தான் என்றும் எழுதலாம். சட்டகம் இதில் தீர்ப்புச் சொல்லக்கூடாது. இரண்டு செய்திகளும் ஒரே விளையாட்டில் சேர்ந்து நிற்க முடியாதவை என்று எழுத்தாளர்கள் குறித்துவிட வேண்டும். எது முதலில் நடக்கிறதோ அது மற்றதன் கதவை அடைக்கும். அடைபட்ட கதை, தான் ஏன் அடைபட்டது என்பதை விளையாடுபவருக்குச் சொல்லும். வரலாற்றாசிரியர்கள் தீர்க்காததை ஒரு கோப்பின் ஏற்றுவரிசை தீர்த்துவைப்பது அநியாயம்.

சட்டகம் வந்தால் எல்லாக் கதையும் ஒரே மாதிரி ஆகிவிடும் என்பது அடுத்த மறுப்பு. போ, எடு, கொடு, பரிசு வாங்கு. இந்த அச்சம் பெருத்த சட்டகங்களுக்குப் பொருந்தும். ‘பொருள் கொண்டுவருதல்’, ‘எதிரியைக் கொல்லுதல்’ என்று தயாரான அச்சுகளைக் கொடுத்தால், எழுதுபவர் அவற்றையே நிரப்புவார். நடந்ததை மட்டும் கேட்கும் சட்டகத்தில் அச்சு இல்லை. அச்சு தமிழுக்குச் செய்யும் கேடு தனி. ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த சட்டகம் வாக்கியத்தையும் தானே கட்டப் பார்க்கும்: பொருளின் பெயரை ஒரு வெற்றிடத்தில் போட்டு, பின்னால் வேற்றுமை உருபை ஒட்டும். குடம் குடத்தை ஆகும், மாடு மாட்டை ஆகும், ஆறு ஆற்றை ஆகும். ஒட்டுபோடும் இயந்திரத்துக்கு இது தெரியாது. கேட்கிறவரை நீ என்பதா, நீர் என்பதா, நீங்கள் என்பதா என்று வன்னியில் பேச்சுக்குப் பேச்சு முடிவாகும். அதுவும் அதற்குத் தெரியாது. வாக்கியங்களைச் சட்டகம் தொடாமல், எழுத்தாளரே முழு வாக்கியமாகக் கொடுக்க விட்டால், அந்தக் கிழவர் முல்லைத்தீவுக் கிழவராகவே பேசுவார்.

எல்லோரும் ஒரே சட்டகத்தில் தொங்கினால், அதைப் பராமரிப்பவர் களைத்துப்போகும் நாளில் எல்லாமே விழும் என்பதையும் மறுக்க முடியாது. மொட் உலகில் பராமரிப்பு பெரும்பாலும் சம்பளமில்லாத உழைப்பு. மெலிந்த சட்டகத்துக்கு நான் வாதாடும் காரணங்களில் இதுவும் ஒன்று: பெயர்ப் பட்டியலும் செய்திப் பட்டியலும் மட்டும் இருந்தால், இன்னொருவர் அதைப் படித்துத் திரும்ப எழுதிவிடலாம். செய்திகள் சேவ் கோப்பில் சாதாரண எழுத்தாக இருக்கட்டும். ஒரு மொட் நீக்கப்பட்டாலும் அது அறிவித்தது நடந்ததாகவே நிற்கட்டும். ஸ்கைரிமில் மொட்டை இடையில் நீக்கினால், அதன் செய்நிரல் துண்டுகள் சேவ் கோப்பில் அனாதையாகக் கிடந்து குழப்பம் செய்யும். ஓடும் செய்நிரலை நினைவில் வைத்ததன் விலை அது. நடந்ததற்கு ஓடவேண்டிய தேவை இல்லை.

கடைசியாக, முல்லைத்தீவை உலகமாக எடுத்த பிறகு தவிர்க்க முடியாத ஒன்று. வற்றாப்பளைக் கோவிலுக்கு முன்னே கிடக்கும் அதே நந்திக்கடலின் மறுகரையில் முள்ளிவாய்க்கால். 2009 மே வரை நடந்த இறுதிப் போரில் பல்லாயிரம் பொதுமக்கள் அந்த ஒடுங்கிய மணல்திட்டில் இறந்தார்கள். அவர்களுடைய உறவுகள் ஆண்டுதோறும் மே 18 அன்று அங்கே விளக்கேற்றுகிறார்கள். கற்பனை நாடுகளுக்காகச் செய்த சட்டகங்களில் எல்லா நிலமும் எல்லோருக்கும் திறந்திருக்கும். எவரும் எங்கும் எதிரிகளை முளைக்க வைத்து, கொன்றதற்குப் பரிசு வைக்கலாம். உண்மையான நிலத்துக்கு அந்த இயல்புநிலை பொருந்தாது. ஓர் இடத்தைக் கட்டியவர், இங்கே சண்டை தொடங்காது, இங்கே இறந்தவரிடமிருந்து பொருள் எடுக்க முடியாது என்று அந்த இடத்தோடு சேர்த்து அறிவிக்க முடிய வேண்டும். அந்த அறிவிப்பும் பெயரோடு பதிவாகும் ஒரு செய்தியே. இதைத் தணிக்கை என்பார்கள். தடுப்பது இதன் வேலை அல்ல, தடுக்கவும் முடியாது. தன் கணினியில் ஒருவர் எதையும் எழுதலாம். ஆனால் அதை மீறும் மொட், மீறுகிறேன் என்று தன் அறிக்கையில் எழுத வேண்டும், ஏற்றும்போது விளையாடுபவர் அதைப் படிக்க வேண்டும். போரை நேர்மையாகச் சொல்ல வரும் எழுத்தாளருக்கு அந்த ஒரு வரி சுமையாக இராது. இந்த ஏற்பாடு சட்டகத்தின் முதல் பதிப்பிலேயே இருக்க வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று விட்டால், அதற்கு முன் எழுதப்பட்ட மொட்கள் அப்படி ஓர் அறிவிப்பு இருப்பதே தெரியாமல்தான் ஓடும். எண்களை விட்டுப் பெயர்களுக்கு வந்த விளையாட்டுகளில் பழைய மொட்களைத் திருத்தி எழுத எவ்வளவு உழைப்பு வேண்டியிருந்தது என்பது நமக்கு முன்னே இருக்கிறது.